பின் சக்கரம் மட்டும் அகலமா இருந்தா என்ன ஆகும்? கான்டெசா பிரியர்கள் கவனிக்க வேண்டியவை!

பழைய கான்டெசா ஒன்றைத் தேடிப்பிடித்து, கறுப்பு பெயின்ட் அடிச்சு, பின்னாடி மட்டும் நல்லா அகலமான அலாய் வீல் மாட்டி, தூத்துக்குடி - திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் ஒரு ரவுண்டு... கார் பிரியர்கள் பலருக்கும் இருக்கிற ஆசைதான் இது. பார்க்க கெத்தாத்தான் இருக்கும். ஆனா அந்த அகலத்துக்கு ஸ்டியரிங், பிரேக், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் எல்லாமே பதில் சொல்லியாகணும். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்டாகர்டு வீல் என்றால் என்ன?

முன் சக்கரங்கள் ஒரு அகலம், பின் சக்கரங்கள் அதைவிடக் கூடுதல் அகலம். இப்படி மாட்டுவதைத்தான் 'ஸ்டாகர்டு' என்கிறார்கள். நான்கும் ஒரே அளவு என்றால் அது 'ஸ்கொயர்'.

இந்தப் பழக்கத்துக்கு வேர் அமெரிக்க மசில் கார்கள். 1964-ல் வந்த போன்டியாக் ஜிடிஓ-வில் இருந்துதான் மசில் கார் காலம் தொடங்கியதாகப் பலரும் சொல்வார்கள். 6.4 லிட்டர் வி8 இன்ஜின், அந்தச் சக்தி முழுவதும் போவது பின் சக்கரங்களுக்கு. ஆக்சிலரேட்டரை மிதிச்சா பின் டயர் பிடி கிடைக்காமல் அங்கேயே சுத்தும். அதைத் தடுக்கத்தான் பின்னாடி அகலமான டயர் தேவைப்பட்டது.

நம்ம ஊர் மசில் காருக்கு இது தேவையா?

'இந்தியாவின் மசில் கார்' என்று ரசிகர்கள் கொண்டாடுவது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெசாவை. இங்கிலாந்தின் வாக்ஸால் காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. 1984-ல் விற்பனைக்கு வந்து 2002-ல் நின்றுபோனது. நீளமான பானெட், பின் சக்கர இயக்கம்... தோற்றம் அசல் மசில் கார்தான்.

ஆனா இன்ஜின்? முதலில் அம்பாசடர் வகையைச் சேர்ந்த 1.5 லிட்டர், பிறகு இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல். அந்த இசுசு இன்ஜினே 90 குதிரைத்திறனைத் தொடாது. 2016-ல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடி-யில் இருப்பது சுமார் 400 குதிரைத்திறன். மஸ்டாங்கின் பின் டயருக்கு இருக்கும் வேலை கான்டெசாவின் பின் டயருக்கு இல்லை. எடை கூடிய பெரிய சக்கரத்தைச் சுழற்றவே இன்ஜின் கூடுதலா உழைக்கணும். பிக்கப் குறையும், மைலேஜும் குறையும்.

அகல டயர்னா கூடுதல் பிடிமானம் தானே?

பலரும் நினைக்கிற மாதிரி இது நேர்க்கணக்கு இல்லை. டயர் தரையைத் தொடும் பரப்பு, பெரும்பாலும் அதன் மேல் இருக்கும் எடையையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. டயர் அகலமானால் அந்தப் பரப்பு பக்கவாட்டில் நீண்டு, முன்னும் பின்னும் குறுகும். பரப்பளவு பெரிதாகக் கூடாது, வடிவம்தான் மாறும். காய்ந்த ரோட்டில் வளைவுகளில் இது உதவும்.

மழையில் கதையே வேற. அகலமான டயர் தன் வழியில் கூடுதல் தண்ணீரை ஒதுக்கித் தள்ளணும். வேகத்தில் அது முடியாமல் போனால், டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் கேட்காது. இதுதான் 'ஹைட்ரோபிளேனிங்'. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த அளவுக்கு வேண்டாம், வடகிழக்குப் பருவமழையில் ரோட்டில் தேங்கும் சாதாரணத் தண்ணீரே போதும்.

இன்னொரு விஷயம்: பின்னாடி மட்டும் பிடி கூடினால், வளைவில் முன்பக்கம் தோற்றுப்போகும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும்.

கணக்கு எப்படிப் போடுவது?

டயரின் பக்கவாட்டில் 225/45 R18 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். 225 என்பது மில்லிமீட்டரில் அகலம். 45 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 45 சதவீதம். 18 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில்.

தொழிற்சாலையிலேயே ஸ்டாகர்டாக வரும் பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் கார்களில் முன்னாடி 225/45 R18, பின்னாடி 255/40 R18 என்ற ஜோடி உண்டு. மொத்த விட்டத்தைக் கணக்குப் போட்டால் முன் டயர் 659.7 மி.மீ., பின் டயர் 661.2 மி.மீ. அகலத்தில் 30 மி.மீ. வித்தியாசம், ஆனால் உயரத்தில் வெறும் 1.5 மி.மீ.! இதுதான் சூட்சுமம். அகலம் கூடும்போது பக்கச் சுவரைக் குறைத்து, உயரத்தைச் சமமாக வைக்கிறார்கள்.

இதைக் கவனிக்காமல் விட்டால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். டயர் விட்டம் 5 சதவீதம் கூடினால், முள் 60-ஐக் காட்டும்போது கார் 63 கி.மீ. வேகத்தில் போகும். ஏ.பி.எஸ். உள்ள புதிய கார்களில், முன் - பின் சக்கரங்கள் சுழலும் வேகம் பொருந்தாமல் சென்சார்களும் குழம்பும்.

ரிம்மிலும் கணக்கு உண்டு. ஆஃப்செட்டை மாற்றாமல் 2 இன்ச் அகலமான ரிம் போட்டால், உள்ளே 1 இன்ச், வெளியே 1 இன்ச் நீளும். உள்ளே சஸ்பென்ஷனில் இடிக்கும், வெளியே ஃபெண்டரில் உரசும். கான்டெசாவில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இணைந்தவை. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது சாயும். காலி காரில் உரசாத டயர், பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்ததும் உரசலாம்.

உப்புக்காற்று செய்யும் வேலை

தூத்துக்குடியில் கடற்காற்றோடு உப்பளங்களும் உண்டு. அலாய் வீல் அலுமினியம், அது உட்காரும் ஹப் இரும்பு. இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்பு ஈரம் புகுந்தால் அரிப்பு வேகமாகும். சக்கரம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு, பஞ்சர் ஆன நேரத்தில் கழற்ற வராது. சக்கரத்தை வெளியே தள்ள அலுமினிய ஸ்பேசர் வைத்தால் அரிப்பதற்கு இன்னொரு இடம் கிடைக்கும். வீல் பேரிங் மீதான சுமையும் கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52-ன்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்டதில் இருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது. கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

"பழைய கார்தானே, வின்டேஜ்னு சலுகை கிடைக்காதா?" என்றால், கிடைக்காது. 2021-ல் வந்த வின்டேஜ் விதிகள் 50 ஆண்டு தாண்டிய வாகனங்களுக்கு மட்டுமே. முதல் கான்டெசாவுக்கே 50 வயதாக 2034 ஆகணும். அப்போதும் கார் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதுவரை 15 ஆண்டு கடந்த கார்களுக்கு ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. சோதனைக்குப் போயாக வேண்டும்.

விபத்து நடந்தால் சர்வேயர் சக்கரத்தையும் பார்ப்பார். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், க்ளெய்ம் நேரத்தில் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம்.

அப்போ என்ன செய்யலாம்?

* தயாரிப்பாளர் அனுமதித்த டயர் அளவுக்குள்ளேயே இருங்கள். அதைத் தாண்ட நினைத்தால், பணம் கொடுக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

* நான்கும் ஒரே அளவு இருப்பதே கான்டெசாவுக்கு நல்லது. முன் - பின் டயரை மாற்றிப் போட்டு ஆயுளைக் கூட்டலாம், ஸ்டெப்னியும் எல்லா இடத்துக்கும் பொருந்தும். ஸ்டாகர்டில் இது நடக்காது.

* டயரில் இருக்கும் எடைக் குறியீட்டைப் பாருங்கள். உதாரணமாக 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். பழைய டயரைவிடக் குறைந்த எண் வேண்டாம்.

* தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 3524 என்று இருந்தால் 2024-ன் 35-வது வாரம். தேய்மானம் 1.6 மி.மீ.-க்குக் கீழே போனால் டயரை மாற்றியே ஆகணும்.

* புது வீல் மாட்டி 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி சரியான அழுத்தத்தில் முறுக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது சக்கரங்களைக் கழற்றி ஹப்பைச் சுத்தம் செய்யுங்கள்.

* சக்கரத்துக்கு ஒதுக்கிய பட்ஜெட்டில் முதல் பங்கு பிரேக், புஷ், ஷாக் அப்சார்பருக்குப் போகட்டும். கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் துறைமுகச் சாலையில், முன்னாடி போகும் லாரி திடீர்னு நின்னா உங்களைக் காப்பாற்றப் போவது அவைதான்.