யூதர்களின் இரட்சிப்பு: ரோமர் 11-ஐ பவுல் யாருக்கு எழுதினார்?

இஸ்ரேல் பக்கம் ஒரு குண்டு விழுந்தால் போதும், இங்கே திருப்பூரில் என் போனில் இருக்கும் ஜெபக் குழுக்கள் சூடாகிவிடும். "தீர்க்கதரிசனம் நிறைவேறுது", "வருகை சமீபம்" என்று வரிசையாக ஃபார்வர்டு வரும். நடுவில் யாராவது ஒருத்தர் கேட்பார்: "சரிங்க, இயேசுவை ஏத்துக்காத யூதர்களுக்கு இரட்சிப்பு உண்டா, இல்லையா?" பதில் மட்டும் ஆளுக்கு ஒன்றாக இருக்கும்.

இந்தக் கேள்விக்கு எல்லாரும் போய் நிற்கும் இடம் ரோமர் 9 முதல் 11 வரையுள்ள அதிகாரங்கள். அந்தக் கடிதம் எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது என்று பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அந்தக் குறிப்புகள் இங்கே.

ரோமில் என்ன நடந்தது?

கி.பி. 49 வாக்கில் கிலவுதியு இராயன் யூதர்களை ரோமை விட்டு வெளியேற்றினான். ரோம எழுத்தாளர் சுவெட்டோனியஸ் இதைக் குறிப்பிடுகிறார். அப்போஸ்தலர் 18-லும் இருக்கிறது. அப்படி வெளியேறி கொரிந்துவுக்கு வந்த தம்பதிதான் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். பவுலுக்கும் அதே தொழில் என்பதால் அவர்களோடு தங்கி வேலை செய்தார். 54-ல் கிலவுதியு இறந்தான். யூதர்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள். 57 வாக்கில் பவுல் ரோமருக்கு எழுதும்போது 16-ஆம் அதிகாரத்தில் இதே தம்பதிக்கு வாழ்த்துச் சொல்கிறார். அதாவது அவர்களும் ரோமுக்குத் திரும்பிவிட்டார்கள்.

இடைப்பட்ட வருஷங்களில் ரோம் சபை பெரும்பாலும் புறஜாதி விசுவாசிகள் கையில் இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். திரும்பி வந்த யூத விசுவாசிகளுக்கு அங்கே என்ன மரியாதை கிடைத்திருக்கும்?

திருப்பூர்க்காரர்களுக்கு இது உடனே புரியும். 2020 ஊரடங்கில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குப் போனார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பவர் டேபிளில், போனவர் திரும்பி வந்தபோது அவர் மெஷினில் வேறு ஆள். "நீங்க போயிட்டீங்க, இப்ப இது என் இடம்" என்று ஒரே பேச்சு. அந்த மெஷினை ஓட்ட அவருக்குக் கற்றுக்கொடுத்ததே போனவர்தான்!

ஒலிவமரம்

இந்த மனநிலையோடுதான் பவுல் பேசுகிறார். 11-ஆம் அதிகாரத்தில் ஒரு ஒலிவமரம். அதன் சொந்தக் கிளைகள் சில முறிக்கப்பட்டன, காட்டு ஒலிவக் கிளை அங்கே ஒட்டவைக்கப்பட்டது. தோட்டக்காரர்கள் பொதுவாகச் செய்வது இதற்கு நேர்மாறு: நல்ல கிளையைத்தான் காட்டுச் செடியில் ஒட்டுவார்கள். பவுலே இது சுபாவத்துக்கு விரோதமான வேலை என்று ஒப்புக்கொள்கிறார். ஒட்டுக் கிளைக்கு அவர் சொல்லும் புத்தி இதுதான்: பெருமை பேசாதே, நீ வேரைத் தாங்கவில்லை, வேர்தான் உன்னைத் தாங்குகிறது. முறிந்த கிளைகளைத் தேவன் திரும்பவும் ஒட்டவைக்க வல்லவர்.

அதன்பிறகுதான் இஸ்ரவேல் முழுவதும் இரட்சிக்கப்படும் என்ற பெரிய வசனம் (11:26). இதற்கு மூன்று முக்கியமான விளக்கங்கள் உண்டு. "இஸ்ரவேல்" என்பது யூதரும் புறஜாதியாரும் சேர்ந்த முழு சபை என்றார் கால்வின். எல்லாக் காலத்திலும் விசுவாசிக்கும் யூதர்களின் மொத்தத் தொகை என்பது இரண்டாவது. கடைசிக் காலத்தில் யூத மக்கள் திரளாக மேசியாவிடம் திரும்புவார்கள் என்பது மூன்றாவது.

நம் வேதாகமத்தின் வேர்

மூன்றாவது விளக்கத்துக்கும் தமிழ் கிறிஸ்தவத்துக்கும் பழைய உறவு இருக்கிறது. 1675-ல் ஜெர்மனியில் ஸ்பேனர் எழுதிய சிறு நூல், யூதர்கள் மனந்திரும்புவார்கள் என்ற நம்பிக்கையை ரோமர் 11-லிருந்து எடுத்துப் பேசியது. அந்தப் பக்தி இயக்கத்தின் மையம் ஹாலே நகரம். அங்கே படித்த சீகன்பால்குதான் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715-ல். அதே ஹாலேயில் 1728-ல் யூதர்களுக்கான ஊழிய நிறுவனத்தை காலன்பெர்க் தொடங்கினார். தமிழருக்கும் யூதருக்கும் சுவிசேஷம் சொல்லும் ஆசை ஒரே ஊரில் வளர்ந்திருக்கிறது.

இன்று நம் கூட்டங்களில் காட்டும் சார்ட் வேறு வழியில் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் டார்பி சொன்னதை 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு விளக்க வேதாகமம் பரப்பியது. சபை எடுத்துக்கொள்ளப்படும், பிறகு ஏழு வருஷ உபத்திரவம், பிறகு இஸ்ரவேலின் மீட்பு. 1948-ல் இஸ்ரேல் நாடு உருவானதும் இந்த விளக்கத்துக்குப் புது வேகம் வந்தது. ஆனால் இதைப் போதிப்பவர்களில் பலர் சகரியா 13:8-ஐ வைத்து, உபத்திரவத்தில் யூதர்களில் மூன்றில் இரண்டு பங்கு அழியும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். "இஸ்ரவேலுக்காக ஜெபிப்போம்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் சாவைக் கால அட்டவணையில் ஒரு கட்டமாக எழுதிவைப்பது எனக்கு நெருடுகிறது. அதே அட்டவணையில் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

பவுலின் எச்சரிக்கையை மறந்தால் என்ன ஆகும் என்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். திருப்பூரில் காலையில் ரயில் ஏறினால் மத்தியானம் கொச்சி. மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. இந்து ராஜாவின் ஆதரவில் வாழ்ந்த அந்த யூதர்களின் ஆலயத்தை 1662-ல் தாக்கிச் சேதப்படுத்தியவர்கள் போர்ச்சுகீசியர், அதாவது கிறிஸ்தவர்கள். லூத்தரும் 1543-ல் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். இப்படிப்பட்ட எழுத்துகளை லூத்தரன் சபைகள் வெளிப்படையாக நிராகரிக்க 20-ஆம் நூற்றாண்டு ஆயிற்று. கத்தோலிக்கத் திருச்சபை 1965-ல்தான் இயேசுவின் சாவுக்காக யூதர் எல்லாரையும் குற்றம் சாட்டக் கூடாது என்று அறிவித்தது.

அப்போ பதில்?

பவுல் சொன்னபடி பார்த்தால் யூதருக்கும் கிரேக்கருக்கும் இரட்சிப்பு ஒன்றே, கர்த்தரும் ஒருவரே (ரோமர் 10:12). எப்போது, எப்படி என்பதை அவர் இரகசியம் என்கிறார். தேவன் கொடுத்த அழைப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை என்றும் சொல்கிறார் (11:29). இந்தக் கடைசி வரி யூதர்களைப் பற்றியது மட்டும் இல்லைங்க. ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கைத் தேவன் ரத்து செய்வார் என்றால், நமக்குக் கொடுத்த வாக்குக்கு மட்டும் என்ன உத்தரவாதம்? ஒட்டுக் கிளையின் பாதுகாப்பும் அந்த வாக்கு நிலைத்திருப்பதில்தான் இருக்கிறது.

இனி ஃபார்வர்டு வந்தால், அனுப்புவதற்கு முன் ரோமர் 11:18-ஐ ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.