பரணில் கிடக்கும் வெள்ளிக்கூட்டு மோட்டார்

மிக்ஸியில் பொசுங்கல் வாடை வந்தால் திருநெல்வேலிக்காரர்கள் நேரே காயில் கட்டும் கடைக்குப் போவார்கள். கடைக்காரர் பெரிதாக விசாரிப்பதில்லை, மோந்து பார்ப்பார். ஆர்மேச்சரை உருவி, எரிந்த கம்பியை அவிழ்த்தபடியே சுற்றுகளை எண்ணுவார். சுற்று எத்தனை, கம்பி என்ன கேஜ்? மோட்டாரின் ஜாதகம் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களில் அடங்கிவிடும்.

ரிமோட் கார் மோட்டாருக்கும் ஜாதகம் இதுதான். எண்பதுகளில் மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கம் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள் பெட்டியில், டேப் ரெக்கார்டருக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவே இப்படியொரு காரும் வந்திறங்கியது உண்டு. பேட்டரி செத்ததும் கார் பரணுக்குப் போகும். பிளாஸ்டிக் நொறுங்கிப்போனாலும் உள்ளே இருக்கும் மோட்டார் அவ்வளவு எளிதில் சாகாது.

ஜப்பானின் டாமியா நிறுவனம் 1976இல் போர்ஷே 934 ரிமோட் காரைக் கொண்டுவந்தபோது அதில் வைத்தது மபுச்சி நிறுவனத்தின் ஆர்.எஸ்-540 மோட்டார். சுமார் 36 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம், பருமனில் ஒரு பெரிய நெல்லிக்காய். பின்னர் வந்த எத்தனையோ கார்களுக்கு இதுவே அளவுகோலானது. வெளிக்கூடு ஒன்றுபோல இருக்க, உள்ளே சுற்று மட்டும் மாறும். அதனால்தான் ஸ்டிக்கர் உரிந்த மோட்டாரை இனங்காண்பது ஒரு துப்பறியும் வேலையாகிறது.

கூட்டில் எண் பொறித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆர்.எஸ்-540எஸ்.எச்-6527 என்றால் கம்பி 0.65 மி.மீ., சுற்று 27. எண் இல்லையென்றால் மோட்டாரின் வாலை, அதாவது பின்மூடியைப் பார்க்க வேண்டும். கூட்டின் விளிம்பை மடக்கி மூடியிருந்தால் சாதாரண மோட்டார். ஸ்க்ரூவும், வெளியே தெரியும் கார்பன் ஸ்பிரிங்கும் இருந்தால் பந்தயத்துக்காகக் கழற்றி மாட்டச் செய்தது. அடுத்து, தண்டை விரலால் மெல்லத் திருப்பினால் ஒரு சுற்றுக்கு ஆறு இடத்தில் 'டக்' என்று தடுக்கும். மூன்று பல் ஆர்மேச்சர் இரண்டு காந்தங்களுக்கு நடுவே சுற்றுவதன் அடையாளம் அது. தடுப்பே தெரியாமல் வழுக்கினால் காந்தம் சோர்ந்திருக்கக்கூடும்.

சுற்று எத்தனை என்று திறக்காமலே ஊகிக்கவும் வழி உண்டு. மோட்டார் தண்டை டிரில்லில் கவ்வி, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று ஓட்டி, இரு முனையிலும் மல்டிமீட்டர் வைக்க வேண்டும். 27 சுற்று மோட்டார் என்றால் அரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். அதில் பாதிதான் காட்டினால், 13 சுற்றுக்குப் பக்கத்திலுள்ள பந்தய மோட்டாராக இருக்கலாம். பாபநாசம் நீர்மின் நிலையத்தில் 1944 முதல் தாமிரபரணித் தண்ணீர் செய்யும் வேலையைத்தான் இங்கே டிரில் செய்கிறது: காந்தமும் சுருளும் ஒன்றையொன்று கடந்து சுழன்றால் மின்னழுத்தம் பிறக்கும்.

சுற்று குறைந்தால் வேகம் ஏன் கூடுகிறது? ஓடும்போது சுருள் தானே ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. அது பேட்டரியின் அழுத்தத்தை நெருங்கும்வரை வேகம் ஏறும். சுற்று குறைவென்றால் அந்த அழுத்தத்தை எட்ட இன்னும் வேகமாகச் சுழன்றாக வேண்டும். கூடவே மின்னோட்டமும் எகிறும். கார்பன் சீக்கிரம் தேயும்.

பழுது பெரும்பாலும் காமுடேட்டரில்தான். மூன்று செம்புத் தகடுகளுக்கு இடையிலுள்ள இடுக்கில் கார்பன் தூள் அடைத்துக்கொண்டால் தகடுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். அதை எடுக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம், ஈர்க்குச்சி போதும். கறுத்த செம்பைப் பென்சில் ரப்பரால் தேய்க்கலாம். உப்புத்தாள் கூடாது, அதன் துகள் செம்பில் பதிந்து கார்பனைத் தின்னும். பள்ளம் விழுந்திருந்தால் சின்ன லேத்தில் ஒரு மெல்லிய சீவல், அவ்வளவுதான்.

தண்டைத் தாங்கும் புஷ், எண்ணெய் குடித்திருக்கும் நுண்துளை வெண்கலம். பெட்ரோலில் முக்கிக் கழுவினால் அந்த எண்ணெய் போய்விடும். பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டாவது விட வேண்டும். நம் பக்கம் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான் கைக்கு வரும். அது நாளாவட்டத்தில் பிசினாகும்.

நனைந்த மோட்டார் வேறு கதை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கின. பம்பு மோட்டார் நனைந்தால் சேற்றைக் கழுவி, உள்ளே குண்டு பல்பைத் தொங்கவிட்டு நிதானமாக உலர்த்தி, மெக்கர் என்ற இன்சுலேஷன் மீட்டரை வைத்துப் பார்த்த பிறகே இணைப்புக் கொடுப்பார்கள். பொடி மோட்டாருக்கும் அதே பொறுமை வேண்டும். ஈரத்தோடு பேட்டரியைக் கொடுக்கக் கூடாது.

காயில் கட்டத் தெரியும் என்பதற்காகப் பழைய சுற்றை அறுத்தெறிவதும் அவசரம்தான். 15,000 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 250 சுற்று. அந்த வேகத்தில் வார்னிஷ் ஒருபக்கம் கூடினாலே மோட்டார் அதிரும். ஆர்மேச்சர் இரும்பில் சின்னக் குழி தெரிந்தால் அது அடிபட்ட காயமல்ல, எடையைச் சமன்செய்யத் துளைத்தது. முனைகளில் பற்றவைத்திருக்கும் கெப்பாசிட்டர்களையும் வெட்டிவிடக் கூடாது. அவை இல்லாவிட்டால் கார்பன் பொறியின் இரைச்சல் ரேடியோ சிக்னலைக் குழப்பி, கார் தன்னிஷ்டத்துக்கு ஓடும்.

வருகிற போகிக்குப் பரணை ஒதுக்கும்போது இப்படியொன்று கையில் பட்டால் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்துவைத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் மிக்ஸி காயில் கட்டுபவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.