ஊசியின் பெயரைக் கேளுங்கள்

தோஹாவில் கிடைத்த தங்கம்

2019 ஏப்ரல் 22. கத்தார் தலைநகர் தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டி. மகளிர் 800 மீட்டர் ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் எல்லாரையும் முந்தி, 2 நிமிடம் 2.70 விநாடியில் தங்கம் வென்றார் கோமதி மாரிமுத்து. திருச்சி மாவட்டம் முடிகண்டம் கிராமத்துப் பெண். பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை அந்தத் திருச்சி மாவட்டத்துக்குள்தான் இருந்தன. அதனால் அந்த வெற்றியை நம் பக்கத்து ஊர்களும் தங்கள் வீட்டுப் பிள்ளையின் வெற்றியாகவே கொண்டாடின.

ஒரு மாதம் ஆகும் முன்பே செய்தி மாறிவிட்டது. அவருடைய சிறுநீர் மாதிரியில் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் தடயம் இருந்தது. பதக்கம் பறிபோனது. 4 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு 30 வயது. ஓட்டப் பந்தயத்தில் அந்த வயதில் 4 ஆண்டு போனால் திரும்பி வருவது மிகக் கடினம். தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று அவர் மறுத்தார். ஆனால் ஊக்கமருந்து விதி கடுமையானது: உடம்பில் எது இருந்தாலும், அது எப்படி வந்திருந்தாலும், முதல் பொறுப்பு விளையாடியவருடையது. 2022-இல் திருச்சியின் இன்னொரு வீராங்கனை தனலட்சுமி சேகர், மெட்டான்டியெனோன் என்ற ஸ்டீராய்டால் காமன்வெல்த் போட்டிக்கே போக முடியாமல் 3 ஆண்டுத் தடை பெற்றார்.

இவர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. தடையும் அவமானமும் உடல் பாதிப்பும் ஓடியவர் தலையில் விழுகின்றன. மருந்தை எடுத்துக் கொடுக்கும் கை பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. என்னை உறுத்துவது அதுதான்.

மருந்து மைதானத்துக்கு எப்படி வருகிறது?

பெரம்பலூரிலும் அரியலூரிலும் அரசு விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன. அரியலூரிலிருந்து கார்த்தி செல்வம் இந்திய ஹாக்கி அணிவரை போனதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைவிக்கிற வீடுகளில், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு இருக்கும் 3 சதவீத ஒதுக்கீடு சின்ன விஷயம் இல்லை. காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிமுடிக்க விடியற்காலையில் பயிற்சி செய்யும் இளைஞர்களுக்கும் அந்த ஒரு ஓட்டம்தான் எதிர்காலம்.

இப்படிப்பட்ட பிள்ளையிடம் ‘இது ஊக்கமருந்து’ என்று சொல்லி யாரும் நீட்டுவதில்லை. சத்து ஊசி, ரெக்கவரி மாத்திரை, வெயிட் ஏற்றும் பவுடர் என்றுதான் வரும். கொடுப்பவர் ஜிம் மாஸ்டராக இருக்கலாம். முன்பு விளையாடிய அண்ணனாக இருக்கலாம். மருந்துக் கடையில் தெரிந்தவராக இருக்கலாம். நம்பிக்கையால் வாங்கிக்கொள்கிறார்கள். பவுடர் டப்பாவின் லேபிளில் இல்லாத ஸ்டீராய்டு உள்ளே கலந்திருப்பதும் உலகம் முழுக்கப் பல பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

2023-இல் இந்தியாவில் எடுக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் 3.8 சதவீதம் தடை செய்யப்பட்ட மருந்தைக் காட்டின. 5,000-க்கு மேல் மாதிரி எடுத்த நாடுகளில் இதுவே மிக அதிகம். ஜிம்முக்குப் போகிறவர், காவலர் தேர்வுக்கு ஓடுகிறவர் யாரும் இந்தக் கணக்கில் இல்லை.

ஸ்டீராய்டு உடம்பில் செய்வது

நாண்ட்ரோலோன், ஸ்டானோசோலோல், மெட்டான்டியெனோன் எல்லாம் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் செயற்கை உறவுகள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடிய பென் ஜான்சனை வீழ்த்தியது ஸ்டானோசோலோல். இவை தசையில் புரதம் சேர்வதைக் கூட்டுகின்றன; அதனால் உடம்பு சீக்கிரம் பருக்கிறது. பருப்பது தசை மட்டும் இல்லை. இதயத்தின் சுவரும் தடிக்கிறது. நல்ல கொழுப்பு குறைந்து கெட்ட கொழுப்பு ஏறுகிறது. ரத்தம் கெட்டியாகி உறைகிறது. இருபது முப்பது வயதில் மாரடைப்பு வரும் வழி இதுதான். மாத்திரையாக விழுங்கும் வகைகள் ஈரலையும் கெடுக்கும்.

ஆண்களுக்கு இன்னொன்று. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை, விதைகளுக்குத் தரும் உத்தரவை நிறுத்திவிடுகிறது. விதைகள் சுருங்கும். விந்தணு குறையும், சிலருக்கு முழுவதும் நின்றே போகும். மார்பு பெண்களுக்குப் போல் வளரும். அதைச் சரிசெய்யப் பலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. கல்யாணம் ஆகிக் குழந்தை இல்லை என்று மருத்துவரிடம் வரும்போதுதான் பழைய ஊசிக் கதை வெளியே வரும்.

பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும், முகத்தில் முடி வளரும், குரல் தடிக்கும். மருந்தை விட்டாலும் அந்தக் குரல் பழையபடி திரும்பாமல் போகலாம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்ச்சி முனைகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளும். உயரம் அத்துடன் நின்றுவிடும். பத்தாம் வகுப்புப் பையனுக்கு ஊசி போடுகிறவர் அவன் வளர்ச்சியையே திருடுகிறார்.

வெயிலும் வேக மருந்தும்

தசையை வளர்ப்பவை ஒரு வகை. களைப்பை மறைப்பவை இன்னொன்று. மெபென்டர்மின் என்ற ஊசி, மயக்க மருந்து கொடுக்கும்போது இறங்கிய ரத்த அழுத்தத்தை ஏற்ற மருத்துவமனையில் பயன்படுவது. அது ஜிம்களுக்கும் வந்துவிட்டது. இதயத்தை விரட்டி, களைப்பை உணரவிடாமல் செய்கிறது. களைப்பு, உடம்பு தரும் எச்சரிக்கை. நம் மாவட்டங்களின் சித்திரை வெயிலில் அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டு ஓடினால் உடல் சூடு கட்டுமீறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். 1967-இல் பிரிட்டன் சைக்கிள் வீரர் டாம் சிம்ப்சன், கடும் வெயிலில் பிரான்ஸின் வாந்து மலையேற்றத்தில் சுருண்டு விழுந்து இறந்தார். அவர் உடம்பில் ஆம்ஃபெட்டமின் இருந்தது.

எடைப் பிரிவுக்குள் வருவதற்காகச் சிறுநீரைக் கூட்டும் மாத்திரை போடுவதும் ஆபத்து. தண்ணீரோடு பொட்டாசியமும் வெளியேறி, இதயம் தடுமாறும். ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தால் மஞ்சள் காமாலை வைரஸும் எச்.ஐ.வி.யும் கூடவே வரும்.

செய்யக்கூடியது

மருந்து, பவுடர், ஊசி எதுவானாலும் முதலில் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். அட்டையையும் பாட்டிலையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சளிக்கோ வலிக்கோ மருத்துவரிடம் போனால், ‘நான் போட்டியில் விளையாடுகிறேன்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். சாதாரணச் சளி மாத்திரையில் இருக்கும் சூடோஎஃபெட்ரின்கூட அளவு கூடினால் போட்டி நாளில் சிக்க வைக்கும். ஆஸ்துமா போன்ற நோய்க்குத் தடை செய்யப்பட்ட மருந்து உண்மையிலேயே தேவைப்பட்டால், முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற வழி இருக்கிறது.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். விட்டவுடன் சில மாதம் சோர்வும் மனச்சோர்வும் வரும். சிலருக்குச் சாகலாம் என்ற எண்ணம்கூட வரும். அதைத் தாங்க முடியாமல் மறுபடி ஊசிக்கே போகிறார்கள். அரசு மருத்துவமனைக்குப் போய் எதைப் போட்டோம், எத்தனை மாதம் போட்டோம் என்று ஒளிக்காமல் சொன்னால் ரத்த அழுத்தம், ஈரல் பரிசோதனை, கொழுப்பு, ஈ.சி.ஜி., ஹார்மோன் அளவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அப்படிப் போகும் பிள்ளையை வீட்டில் திட்டாமல், கூடவே ஒருவர் போங்கள்.