கருகிப்போன வன்தட்டு பேசியது

மாணவர்களே, சென்ற ஆண்டு இறுதியில் படிவம் 4 மாணவி ஒருவர் துண்டில் சுற்றிய ஒரு பொருளுடன் அறிவியல் கூடத்துக்கு வந்தார். உள்ளே ஒரு வெளிப்புற வன்தட்டு. "மேசையிலிருந்து விழுந்துருச்சு டீச்சர். சொருகினா டிக் டிக்னு சத்தம் மட்டும்தான் வருது" என்றார்.

அதில் இருந்தது பாடக் குறிப்போ சினிமாவோ அல்ல. போர்க்காலத்தில் சயாம் மரண ரயில்பாதைக்குப் போய் உயிரோடு திரும்பிய தம் கொள்ளுத்தாத்தாவை அவருடைய மாமா 2010-இல் உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்திருந்தார். தாத்தா இப்போது இல்லை. வேறு பிரதியும் இல்லை. கெமாஸில் வாழும் நமக்கு அது தூரத்துக் கதை அல்ல. இங்கிருந்து பிரிந்து போகும் கிழக்குக் கரை ரயில்பாதையின் ஒரு நீண்ட பகுதியின் தண்டவாளங்களைப் பெயர்த்துத்தான் ஜப்பானியர்கள் சயாமுக்குக் கொண்டுபோனார்கள்.

"எத்தனை தடவை சொருகிப் பார்த்தே?" என்று கேட்டேன். "ஒரு இருபது தடவை இருக்கும்" என்றார். எனக்குப் பகீரென்றது. காரணம் சொல்கிறேன்.

வன்தட்டுக்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் உள்ளன. அவற்றின்மேல் கோபால்ட் கலந்த மிக மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டிருக்கும். நம் படங்கள், குரல்கள் எல்லாம் அந்தப் படலத்தில் நுண்ணிய காந்தப் புள்ளிகளாகப் பதிகின்றன. காந்தத் திசை மாறும் இடங்களை வைத்து 0, 1 என்று கணினி படித்துக்கொள்கிறது. கையடக்க வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். தட்டின் ஆரம் ஏறக்குறைய 3.2 சென்டிமீட்டர். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓரத்தின் வேகம் மணிக்கு 65 கிலோமீட்டருக்கு வரும். அந்த வேகத்தில் ஓடும் தட்டுக்கு மேலே, சில நானோமீட்டர் உயரத்தில், படிக்கும் முனை காற்றில் மிதக்கிறது. உங்கள் தலைமுடி ஏறக்குறைய 70,000 நானோமீட்டர் தடிமன். ஒரு தூசியோ கைரேகையின் எண்ணெயோகூட அந்த முனைக்கு மலைதான்.

கீழே விழுந்தால் முனை வளையலாம், உடையலாம். 'டிக் டிக்' என்பது அது தட்டில் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தேடும் சத்தம். உடைந்த முனை தட்டை உரசினால் காந்தப் படலமே சுரண்டப்பட்டுவிடும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்ததை உலகில் யாராலும் மீட்க முடியாது. ஒவ்வொரு முறை சொருகும்போதும் தாத்தாவின் பேச்சில் ஒரு வரி போகலாம். அதனால்தான் பகீரென்றது.

மாணவியின் முகம் வாடிவிட்டது. அப்போது அவரிடம் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

2003 பிப்ரவரி 1. கல்பனா சாவ்லா உட்பட 7 பேருடன் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த கொலம்பியா விண்ணோடம், தரையிறங்கச் சுமார் 16 நிமிடம் இருக்கும்போது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக்கு மேலே சிதறியது. உயரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். எழுவரும் மாண்டனர். பதினாறு நாள் பயணத்தில் அவர்கள் இரவு பகலாகச் செய்த சோதனைகள் பலவும் அவர்களோடு போய்விட்டன என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

அவற்றில் ஒன்று செனான் வாயு பற்றியது. தக்காளி சோஸை நன்றாகக் குலுக்கினால் இளகி ஓடும் அல்லவா? செனானும் அப்படி இளகுமா என்பதுதான் கேள்வி. ஏறக்குறைய 16.6 டிகிரி செல்சியஸில், தக்க அழுத்தத்தில், செனான் வாயுவா திரவமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நிலையை அடைகிறது. அந்த நிலையில் அது இளகும் என்று கோட்பாடு சொன்னது. பூமியில் வைத்துச் சோதிக்க முடியாது. தன் எடையாலேயே அது அடியில் நெருங்கி, மேலே தளர்ந்துவிடும். எடையற்ற விண்வெளியில்தான் செய்ய வேண்டும். பறக்கும்போதே கொஞ்சம் தரவு வானொலி வழியாகத் தரைக்கு வந்திருந்தது. முழுத் தொகுப்பும் ஒரு வன்தட்டில் இருந்தது. கொள்ளளவு சில நூறு மெகாபைட்தான். இன்று உங்கள் கைப்பேசியில் ஒரு நீளமான காணொளிக்கே போதாது.

ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து, வறண்ட ஏரிப் படுகை ஒன்றில் சிதைவுகளோடு அதுவும் கிடைத்தது. அதை அமெரிக்காவின் கிரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தின் தரவு மீட்புப் பொறியாளர் ஜான் எட்வர்ட்சிடம் அனுப்பினார்கள். பார்த்தால் வன்தட்டு என்றே தெரியாது. ஒட்டிக்கொண்ட இரண்டு உலோகத் துண்டுகள்போல் இருந்தது. பிளாஸ்டிக் உருகி, சில்லுகள் கருகி, மூடியைக் காக்கும் அடைப்பு இளகி உள்ளே மண் புகுந்திருந்தது. ஆனால், தட்டுகள் வளையவில்லை. எட்வர்ட்ஸ் அவற்றை வெளியே எடுத்து, இரசாயனக் கரைசலால் கழுவி, புதிய வன்தட்டின் உடலில் பொருத்திப் படித்தார். இரண்டே நாளில் சுமார் 99 விழுக்காடு தரவு மீண்டது!

எப்படிச் சாத்தியமானது? காந்தம் சூடானால் காந்தத் தன்மையை இழக்கும். ஆனால், அதற்குக் கடும் வெப்பம் வேண்டும். இரும்புக்கு 770 டிகிரி செல்சியஸ், தூய கோபால்ட்டுக்கு 1,100-க்கும் மேல். தட்டுகள் வரை அவ்வளவு வெப்பம் போகவில்லை. இன்னொன்று, அந்தக் கணினி டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடியது. அது தரவைத் தட்டெங்கும் சிதறவிடாமல் பெரும்பாலும் ஒரே பக்கமாக எழுதிக்கொண்டு போகும். பாதித் தட்டுதான் நிரம்பியிருந்தது. கெட்டுப்போன இடம் காலிப் பாதியில் அமைந்தது. இதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். அதே விண்ணோடத்தில் கிடைத்த வேறு இரண்டு வன்தட்டுகளிலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை.

செனான் இளகத்தான் செய்தது. விபத்து நடந்து ஐந்து ஆண்டு கழித்து, 2008-இல், அந்த முடிவு 'பிசிக்கல் ரிவியூ ஈ' ஆய்விதழில் வெளிவந்தது.

மாணவியின் கதைக்கு வருகிறேன். வகுப்பில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "ஃபிரிட்ஜ்ல வெச்சு எடுத்தா வேலை செய்யும் டீச்சர்" என்றார் ஒருவர். நம் நாட்டு ஈரக்காற்றில் குளிர்ந்த வன்தட்டை வெளியே எடுத்தால், ஐஸ் தண்ணீர்க் குவளையில் முத்து முத்தாகத் தண்ணீர் கோப்பதுபோல் தட்டிலும் கோக்கும். இன்னொருவர் திருப்புளியோடு தயாராக நின்றார்! மீட்புக்கூடங்களில் ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரான் அளவுள்ள துகள்கள் நூறுக்கு மேல் இல்லாத இடத்தில்தான் மூடியைத் திறப்பார்கள். நம் வகுப்பறையில் வெண்கட்டித் தூளே எவ்வளவு! வெள்ளத்தில் நனைந்த வன்தட்டை வெயிலில் காயவைப்பதும் தவறு. தண்ணீர் வற்றினால் சேறும் உப்பும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடே பையில் மூடி அனுப்பச் சொல்வார்கள்.

மாமா அதைக் கோலாலம்பூரில் ஒரு மீட்புக்கூடத்தில் கொடுத்தார். அதே மாதிரி வன்தட்டிலிருந்து எடுத்த முனைகளைப் பொருத்தி, முதலில் சிக்கலில்லாத பகுதிகளையும் பிறகு முரண்டு பிடிக்கும் பகுதிகளையும் வேறொரு வட்டுக்கு அப்படியே பிரதி எடுத்தார்களாம். கட்டணம் அவர்கள் வீட்டுக்குச் சிறிய தொகை அல்ல. குடும்பமே பங்கு போட்டது.

மொத்தம் மூன்று காணொளிகள். இரண்டு முழுமையாக வந்தன. மூன்றாவதில் தாத்தா பேசிக்கொண்டே இருக்கும்போது படம் உறைந்து, ஏறக்குறைய நான்கு நிமிடம் கழித்து வேறொரு பேச்சில் தொடங்குகிறது. அது விழுந்ததால் போனதா, இருபது முறை சொருகியதால் போனதா என்று மாணவி கேட்டார். இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன். இப்போது அந்தப் பதிவுகளின் ஒரு பிரதி மாமா வீட்டிலும், ஒன்று சிரம்பானில் அத்தை வீட்டிலும், ஒன்று அறிவியல் கூடத்தில் என் அலமாரியிலும் இருக்கின்றன.