தொண்டை மண்டல நகைச்சுவை அரங்கு

தொண்டை மண்டல நகைச்சுவை அரங்கு என்பது காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மாமல்லபுரம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய வட தமிழ்நாட்டுப் பகுதியில் தோன்றி வளர்ந்த நகைச்சுவைக் கலை வடிவங்களைக் குறிக்கும். 7 ஆம் நூற்றாண்டில் பல்லவ அரசவையைச் சார்ந்து எழுந்த மத்தவிலாசப் பிரகசனம், பகவதஜ்ஜுகம் ஆகிய இரு வடமொழி நாடகங்களும், மாமல்லபுரம் அருச்சுனன் தபசு சிற்பத் தொகுதியில் உள்ள தவப்பூனையும், இன்றும் ஊர்களில் நிகழ்த்தப்படும் தெருக்கூத்தின் கட்டியங்காரன் பாத்திரமும் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

இவை நான்கும் ஒரே வகையான நகைச்சுவையைத் தருவன அல்ல. ஒன்று சமயத்தாரின் பெயர் சொல்லியே எள்ளுகிறது. மற்றொன்று எவரையும் பெரிதும் புண்படுத்தாமல் சூழ்நிலையால் சிரிக்க வைக்கிறது. மூன்றாவது வாய் திறவாமலே குத்திக் காட்டுகிறது. நான்காவது எழுதி வைத்த வசனம் இன்றி, அவையைப் பார்த்து அவ்வப்போது பிறக்கிறது. எது நகைச்சுவை, எது வசை என்னும் வினாவுக்கு ஒரே நிலப்பகுதியில் கிடைக்கும் வெவ்வேறு விடைகளாக இவற்றைக் கொள்ளலாம்.

இலக்கண நூல்களில் நகை

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைக்கிறது. நகை பிறப்பதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் அது நிலைக்களன்களாகக் கூறுகிறது. இவற்றுள் எள்ளல் மட்டுமே பிறரை இகழ்வதோடு நேரடித் தொடர்புடையது. ஏனைய மூன்றும் அறியாமை, வெகுளித்தனம் போன்ற இயல்புகளிலிருந்து தோன்றுவன. எனவே, புண்படுத்தும் நகையும் புண்படுத்தாத நகையும் வேறு வேறு என்னும் உணர்வு தமிழ் இலக்கணத்தில் தொடக்கத்திலேயே இருந்தது எனலாம்.

வசைப் பாடல்களைப் பற்றிப் பேசும்போது, செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வைவது முன்னது. பழியை மறைத்து மொழிவது பின்னது.

வடமொழியில் பரதரின் நாட்டிய சாத்திரம் சிரிப்பை ஆறு படிநிலைகளாக வகுக்கிறது. பல் தெரியாத புன்முறுவலில் தொடங்கி, உடல் குலுங்கக் கண்ணீர் வரச் சிரிக்கும் பெருஞ்சிரிப்பில் அது முடிகிறது. மேன்மக்கள், நடுத்தரத்தார், கீழ்நிலையோர் ஆகியோருக்கு இரண்டிரண்டு சிரிப்புகள் உரியன என்றும் அந்நூல் கூறும். ஒருவர் எப்படிச் சிரிக்கிறார் என்பதைக் கொண்டு அவருடைய தகுதியை அளக்கும் வழக்கம் பழமையானது என்பதற்கு இது சான்றாகும். பிரகசனம் எனப்படும் எள்ளல் நாடகத்தையும் அந்நூல் சுத்தம், சங்கீர்ணம் (கலப்பு) என இரு வகைப்படுத்துகிறது. துறவியரும் அந்தணரும் நகைக்கு உள்ளாவது சுத்தம் எனவும், பரத்தையர், ஏவலர், தூர்த்தர் முதலியோர் கலந்து வருவது சங்கீர்ணம் எனவும் கொள்ளப்படும்.

மத்தவிலாசப் பிரகசனம்

மத்தவிலாசப் பிரகசனம் முதலாம் மகேந்திரவர்மனால் இயற்றப்பட்ட ஓரங்க நாடகமாகும். இவன் ஏறத்தாழக் கி.பி. 600 முதல் 630 வரை காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவ மன்னன். செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள வல்லம் குடைவரை இவனுக்குக் கீழ்ப்பட்ட ஒரு சிற்றரசனின் மகனால் குடைவிக்கப்பட்டது என்பதை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டால் அறியலாம். விசித்திரசித்தன், குணபரன், சத்துருமல்லன் முதலிய பட்டப்பெயர்கள் இவனுக்கு உண்டு. மத்தவிலாசன் என்பதும் அவற்றுள் ஒன்று. குடிவெறியர்களைப் பற்றிய நாடகத்துக்குத் தன் பட்டப்பெயரையே மன்னன் தலைப்பாக்கியது குறிப்பிடத்தக்கது.

காஞ்சிபுரத்துக்கு அருகில், திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள மாமண்டூர்க் குடைவரையின் சிதைந்த கல்வெட்டொன்றில் இந்நாடகத்தின் பெயர் காணப்படுகிறது. செங்கல்பட்டுக்குத் தெற்கே பாலாற்றை அடுத்துள்ள மாமண்டூர் வேறு ஊராகும்.

கதைச் சுருக்கம்

சத்தியசோமன் என்னும் காபாலிகத் துறவியும் அவன் துணைவி தேவசோமையும் மது மயக்கத்தில் காஞ்சித் தெருக்களில் தள்ளாடி வருகின்றனர். மதுக்கடை ஒன்றைக் கண்டு அதை வேள்விச்சாலைக்கு ஒப்பிட்டுச் சத்தியசோமன் புகழ்கிறான். பின்னர், பிச்சை ஏற்பதற்காக வைத்திருந்த மண்டையோடு காணாமற் போனதை உணர்கிறான். அதில் வறுத்த இறைச்சி இருந்ததால் நாயோ பௌத்தத் துறவியோதான் எடுத்திருக்க வேண்டும் என முடிவு செய்கிறான்.

அவ்வேளையில் நாகசேனன் என்னும் பௌத்தத் துறவி தன் பிச்சைப் பாத்திரத்தை ஆடைக்குள் மறைத்தபடி வருகிறான். நல்ல மாளிகையையும் படுக்கையையும் உணவையும் அனுமதித்த புத்தர், பெண்களையும் மதுவையும் மட்டும் ஏன் விலக்கினார் என்பது அவனது கவலை. முதிய துறவியர் அந்தப் பகுதிகளை நூலிலிருந்து நீக்கியிருப்பார்கள், மூல நூலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவன் எண்ணுகிறான். காபாலிகன் அவனைத் திருடன் என்கிறான், சண்டை மூள்கிறது. துறவியின் முடியைப் பற்றி இழுக்கப் போன தேவசோமை, மழித்த தலையில் பிடி கிடைக்காமல் கீழே விழுகிறாள்.

நடுவராக வரும் பாசுபதத் துறவி பப்ருகல்பனுக்குத் தேவசோமை மீது பழைய ஆசை உண்டு. எனவே அவனாலும் வழக்கைத் தீர்க்க இயலவில்லை. இறுதியில், நாயிடமிருந்து அந்த மண்டையோட்டைப் பறித்த பித்தன் ஒருவன் வருகிறான். தெளிந்தவர்கள் எனக் கருதப்படுவோரால் தீர்க்க முடியாத வழக்கு பித்தனால் தீர்கிறது. அனைவரும் சமாதானமாகப் பிரிகின்றனர்.

எள்ளலின் இலக்குகள்

இந்நாடகம் காபாலிகம், பாசுபதம், பௌத்தம் ஆகியவற்றைப் பாத்திரங்களின் வழியாகவும், சமணத்தைக் காபாலிகனின் பேச்சின் வழியாகவும் எள்ளுகிறது. தொல்காப்பியத்தின் சொல்லால் கூறுவதாயின் இது செம்பொருள் அங்கதத்துக்கு நெருக்கமானது. எள்ளப்பட்டவர்கள் அந்நகரில் உண்மையாகவே வாழ்ந்தவர்கள். ஏறத்தாழ 640 இல் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி சுவான்சாங், அங்கு நூறளவான பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவியரும் இருந்ததாக எழுதியுள்ளார். அவர்களுக்கு இந்நாடகம் எவ்வாறு கேட்டிருக்கும் என்பதைக் கூறும் சான்று எதுவும் எஞ்சவில்லை. எழுதியவன் நாட்டின் மன்னன் என்பதால் அவர்கள் மறுமொழி கூறியிருக்க வாய்ப்பும் குறைவு.

எனினும், மன்னன் தன் அரசையும் முற்றாக விட்டுவிடவில்லை. வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லலாம் என்ற பேச்சு எழும்போது, மடத்துச் செல்வம் உடைய பௌத்தன் நீதிமன்ற அலுவலர்களின் வாயை அடைத்துவிடுவான், ஏழைக் காபாலிகரால் என்ன செய்ய முடியும் என்று தேவசோமை வருந்துகிறாள். மன்னன் எழுதிய நாடகத்தில் மன்னனின் நீதிமன்றமே கையூட்டுக்கு இணங்குவதாகக் கூறப்படுவது இந்நாடகத்தின் சிறப்பான இடமாகும். வலியோனின் எள்ளல் எளியோர் மீது மட்டும் பாய்ந்தால் அது வசையாகவே நின்றுவிடும். தன்னையும் சேர்த்துக்கொள்ளும்போதே நகைச்சுவையாகிறது என்னும் கருத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எள்ளல் நூல்களை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் தவறாகும். நாகசேனனைக் கொண்டு காஞ்சிப் பௌத்தர்கள் அனைவரும் ஒழுக்கம் குன்றியிருந்தனர் என முடிவு செய்ய இயலாது. அத்தகையோரைக் கேலி செய்தால் அவை சிரிக்கும் என்பதை மட்டுமே நாடகம் காட்டுகிறது.

பகவதஜ்ஜுகம்

மாமண்டூர்க் கல்வெட்டில் பெயர் காணப்படும் மற்றொரு நாடகம் பகவதஜ்ஜுகம் ஆகும். இதன் ஆசிரியர் போதாயனர் எனச் சிலரும் மகேந்திரவர்மன் எனச் சிலரும் கருதுகின்றனர். 'துறவியும் கணிகையும்' என்பது தலைப்பின் பொருள்.

ஒரு யோகியும், பசிக்காகவே துறவு பூண்ட அவரது மாணவன் சாண்டில்யனும் ஒரு சோலைக்கு வருகின்றனர். அங்கு வசந்தசேனை என்னும் கணிகையின் உயிரை யமதூதன் ஆள் மாறாட்டத்தால் கவர்ந்து செல்கிறான். மாணவனுக்கு யோகத்தின் ஆற்றலைக் காட்டுவதற்காக யோகி அவளது உடலில் புகுகிறார். கணிகை வேதாந்தம் பேசத் தொடங்குகிறாள். தவற்றை உணர்ந்து திரும்பி வரும் யமதூதன், அவளது உயிரை வெறுமையாகக் கிடந்த யோகியின் உடலில் செலுத்திவிடுகிறான். யோகி நாணிக் கோணிக் காதலனைத் தேடுகிறார். முடிவில் உயிர்கள் உரிய உடல்களை அடைகின்றன.

இதிலும் துறவிகளும் போலி மருத்துவரும் கேலிக்கு உள்ளாகின்றனர். ஆயினும் சிரிப்பின் ஊற்று, உடலுக்கும் பேச்சுக்கும் இடையிலான பொருத்தமின்மையே. இரு நாடகங்களும் ஒரே கல்வெட்டில் இடம்பெறுவதால், கடுமையான எள்ளலையும் மென்மையான நகையையும் ஒரே அவை ஒருங்கே அறிந்திருந்தது எனக் கருதலாம்.

மாமல்லபுரத்துத் தவப்பூனை

மகேந்திரவர்மனின் மகன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் எனப்பட்டான். மாமல்லபுரம் என்னும் பெயர் அவனது இப்பட்டத்திலிருந்து வந்தது. அங்குள்ள புகழ்பெற்ற திறந்தவெளிப் புடைப்புச் சிற்பத் தொகுதி அருச்சுனன் தபசு எனவும், பகீரதன் தவம் எனவும் இரு வகையாக விளக்கப்படுகிறது.

இத்தொகுதியில், கைகளை உயர்த்தித் தவம் செய்யும் முனிவரைப் போலவே ஒரு பூனையும் பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறது. அதன் அருகே எலிகள் அச்சமின்றி உள்ளன. தவம் செய்வதாக நடித்து எலிகளை நம்பவைத்துத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் உள்ளது. அங்கு அது தருமனை இகழ்வதற்காகத் துரியோதனன் அனுப்பும் செய்தியில் வருகிறது.

இச்சிற்பத்தில் எந்தச் சமயத்தின் பெயரும் இல்லை. பழிகரப்பு அங்கதத்துக்கு இது கல்லில் அமைந்த எடுத்துக்காட்டு எனலாம். பார்ப்பவர் தமக்குத் தெரிந்த போலித் துறவியை அதில் கண்டுகொள்ளலாம். சிறுவர்கள் அதை வெறும் பூனையாகவே கண்டு மகிழலாம். உண்மையான தவத்தின் அருகிலேயே போலித் தவமும் செதுக்கப்பட்டிருப்பதால், பக்தியும் கேலியும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதும் புலனாகிறது.

தெருக்கூத்தில் கட்டியங்காரன்

மேற்கூறியவை அரசரின் ஆதரவில் எழுந்தவை. ஊர் மக்களின் நகைச்சுவைக்குத் தெருக்கூத்தே முதன்மையான இடமாகும். கட்டைக்கூத்து எனவும் வழங்கும் இக்கலை, பழைய செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென்னாற்காடு மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாக்களின்போதும் பிற சடங்குகளின்போதும் இரவு முழுவதும் நிகழ்த்தப்படுகிறது. பல்லவர் கால நாடகங்களிலிருந்து இது நேரடியாக வந்தது என்று கூறுவதற்குச் சான்று இல்லை.

கட்டியங்காரன் முதலில் தோன்றி அவையோரை வரவேற்பான். திரைக்குப் பின்னிருந்து வரும் அரசனிடம் யார், எந்த ஊர் என வினவி அவனைத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் செய்வான். காவலன், தூதன், ஏவலன் எனப் பல வேடங்களையும் அவனே ஏற்பான். அரசர்கள் பாடலிலும் உயர்ந்த நடையிலும் பேச, இவன் ஊர்ப் பேச்சில் பேசுவான். துரியோதனன் அவையில் நின்றுகொண்டே உள்ளூர்ச் சாலை, விலைவாசி, தேர்தல் ஆகியவற்றைப் பற்றிக் கேலி பேசும் உரிமை அவனுக்கு உண்டு.

இவனது பேச்சின் பெரும்பகுதி முன்னரே எழுதப்படாதது. அவ்வகையில் இதை இத்தாலியின் கொம்மேதியா தெல்லார்த்தே, சிக்காகோவில் 1959 இல் தொடங்கப்பட்ட செகண்ட் சிட்டி குழு ஆகியவற்றின் உடனடிப் புனைவு நடிப்புடன் ஒப்பிடலாம். அவையின் சிரிப்பே இவனுக்கு அளவுகோல். பெண்களும் சிறுவர்களும் நிறைந்திருக்கும் முன்னிரவில் ஒரு வகையாகவும், நள்ளிரவுக்குப் பின் வேறு வகையாகவும் பேச்சு அமைவதுண்டு. கொச்சையான இரட்டைப் பொருள் பேச்சு கூத்தின் மதிப்பைக் குறைக்கிறது என்போரும், அதை நீக்கினால் கூத்தின் உயிரே போய்விடும் என்போரும் உளர். கருமாதிச் சடங்கில் ஆடப்படும் கர்ண மோட்சத்தில் துயரத்தின் நடுவிலும் கட்டியங்காரன் சிரிக்க வைக்கிறான். இழப்பில் இருக்கும் குடும்பத்தாரின் முன் எவ்வளவு சிரிக்க வைக்கலாம் என்பதை அறிவதே இக்கலையின் கடினமான பகுதியாகும்.

சுவை வேறுபாடும் சட்டமும்

எள்ளலின் எல்லையை அவையோர் மட்டுமன்றி அரசுகளும் வகுக்க முயன்றுள்ளன. கல்கத்தாவில் வேல்ஸ் இளவரசரின் வருகையை ஒட்டி எழுந்த கேலி நாடகம் ஒன்றைத் தொடர்ந்து 1876 இல் ஆங்கில அரசு நாடக நிகழ்த்துச் சட்டத்தை இயற்றியது. எம். ஆர். ராதாவின் இராமாயணம் நாடகம் எழுப்பிய எதிர்ப்பின் பின்னணியில் 1954 இல் சென்னை மாநிலத்தில் தனியாக ஒரு நாடகச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாதவை எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2013 இல் தீர்ப்பளித்தது.

இதற்கு மாறாக, கிரேசி மோகன் (1952–2019) போன்றோர் எவரையும் புண்படுத்தாத சொல் விளையாட்டையே சபா நாடகங்களில் முதன்மையாகக் கொண்டனர். ஒருவருக்குத் தூய்மையாகத் தோன்றும் நகைச்சுவை மற்றொருவருக்குக் காரமற்றதாகத் தோன்றுவதும், ஒருவர் துணிவு எனக் கருதுவதை மற்றொருவர் அவமதிப்பு எனக் கருதுவதும் இயல்பே.

பதிப்பும் இன்றைய நிலையும்

மத்தவிலாசப் பிரகசனத்தைக் கேரளத்தில் கிடைத்த சுவடிகளைக் கொண்டு த. கணபதி சாத்திரி 1917 இல் திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் பதிப்பித்தார். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் லாக்வுட், ஏ. விஷ்ணு பட் ஆகியோர் இவ்விரு நாடகங்களையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துள்ளனர்.

எழுந்த இடமான காஞ்சியில் மறைந்த மத்தவிலாசம், கேரளத்தில் சாக்கியார்களின் கூடியாட்ட மரபில் நிலைத்தது. அங்குச் சில கோயில்களில் மகப்பேறு வேண்டுவோரின் நேர்த்திக்கடனாக அது நிகழ்த்தப்படுகிறது. அவ்வரங்கில் காபாலிகன் கேலிக்குரியவன் அல்லன். சிவனோடு தொடர்புடைய புனித வேடம் பூண்டவன். ஒரு நகரில் சமயத்தாரை எள்ள எழுதப்பட்ட நாடகம் மற்றொரு நாட்டில் வழிபாடாகியுள்ளது. நகைச்சுவையின் தன்மை நூலில் மட்டுமன்றி, அதைக் காணும் அவையிலும் தங்கியுள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இவற்றையும் பார்க்க

அங்கதம்
மெய்ப்பாடு
முதலாம் மகேந்திரவர்மன்
மாமல்லபுரம்
தெருக்கூத்து
கூடியாட்டம்