“டாஸ்க் முடிச்சு அனுப்புங்க, பார்க்கலாம்”

மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் மாணவி ஒருத்தி போன பருவத்தில் என் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னதும் கைபேசியை நீட்டினாள். “மேடம், இது நான் செஞ்சது.” திரையில் இருந்தது ஒரு நிறுவனத்தின் செயலி.

சில வாரங்களுக்கு முன் அதே நிறுவனம் அவளை இன்டர்ன்ஷிப்புக்கு நேர்காணல் செய்திருந்தது. முதல் சுற்று அரை மணி நேரக் காணொளிப் பேச்சு. இரண்டாவது சுற்று ‘டாஸ்க்’: பொருள்களைத் தேடி வரிசைப்படுத்தும் ஒரு பக்கத்தை வடிவமைத்து, நிரலையும் எழுதி அனுப்ப வேண்டும். பத்து இரவுகள் விடுதியில் கண்விழித்து முடித்தாள். அனுப்பிய பிறகு பதிலே இல்லை. வேலைக்கு எடுக்கவில்லை என்றுகூட யாரும் சொல்லவில்லை. இப்போது அவள் வரைந்த பக்கம், அவள் வைத்த பொத்தான் பெயர்களோடு, ஊருக்கே தெரிகிறது.

“நேர்காணலுக்குக் கொடுத்ததுதானே, அவங்களுக்குச் சொந்தம் ஆயிடும் இல்லையா மேடம்?” என்று கேட்டாள். ஆகாது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது தெரியாமல் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கணக்கில் எடுக்கிறது. ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை உருவாக்கியவர் என்கிறது பிரிவு 17. சம்பளத்துக்கு அமர்ந்த ஊழியர் தன் வேலையின் பகுதியாகச் செய்தால் மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அது முதலாளிக்குப் போகும். நேர்காணலுக்கு வந்தவர் ஊழியர் அல்லர். அவரிடமிருந்து உரிமை நிறுவனத்துக்கு மாற வேண்டுமானால், பிரிவு 19இன்படி அவர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. நீங்கள் சொன்ன எண்ணத்தை எடுத்து அவர்களே புதிதாக எழுதிக்கொண்டால் இந்தச் சட்டம் உதவாது. நீங்கள் எழுதிய வரிகள், நீங்கள் வரைந்த திரை அப்படியே இருந்தால் உதவும்.

அதனால் டாஸ்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், மின்னஞ்சலில் அனுப்புங்கள். ‘இது நேர்காணல் மதிப்பீட்டுக்கு மட்டும், வேறு பயன்பாட்டுக்கு என் எழுத்துபூர்வ அனுமதி தேவை’ என்று ஒரு வரி சேருங்கள். நிரலை கிட்ஹப்பில் தனிப்பட்ட கணக்கில் அன்றன்றைக்கு ஏற்றி வைத்தால் தேதியோடு சாட்சி இருக்கும். திறமையைச் சோதிக்க இரண்டு மூன்று மணி நேரப் பயிற்சிக் கணக்கு போதும். நிறுவனத்தின் நிஜ வாடிக்கையாளர் விவரத்தைக் கொடுத்து, பத்து நாள் வேலை கேட்டால் அதற்குப் பெயர் நேர்காணல் இல்லை, கூலியில்லாத வேலை. மாணவர்களை எடுக்கும் சிறு நிறுவனத்தாரையும் கேட்டுக்கொள்கிறேன்: நீண்ட வேலை வாங்கினால் சிறு தொகையாவது கொடுங்கள். எடுக்காவிட்டால் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.

தேர்வான பிறகு வரும் சிக்கல் வேறு. இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் நடக்கும் எல்லாவற்றுக்கும் உதவித்தொகை தந்தே ஆக வேண்டும் என்று பொதுச் சட்டம் இல்லை. ஆனால் 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் பதிவானால் நிலைமை மாறும். அதன் விதிகளில் 2019இல் வந்த திருத்தம் பட்டதாரிகளுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவர்களுக்கு 8,000 ரூபாய் என்று வைத்தது. ஆகவே, ‘இது அப்ரண்டிஸ் ஒப்பந்தமா, வெறும் இன்டர்ன்ஷிப்பா?’ என்று முதல் நாளே கேளுங்கள். எத்தனை மாதம், எவ்வளவு தொகை, யாருக்குக் கீழே வேலை, சான்றிதழ் எப்போது என்பதெல்லாம் கடிதத்தில் இருக்கட்டும்.

கையெழுத்துப் போடும்போது பாண்டு நீட்டுவார்கள். பாண்டு என்றாலே செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்திடாதீர்கள். வேலையை விட்ட பிறகு வேறு எங்கும் சேரக்கூடாது என்ற நிபந்தனையை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 27 செல்லாததாக்குகிறது. ஆனால் குறிப்பிட்ட காலம் வேலை பார்க்க வேண்டும், இடையில் போனால் தொகை கட்ட வேண்டும் என்பது வேறு. மூன்றாண்டு முடிவதற்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்று ஒரு பொதுத்துறை வங்கி வைத்த நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியார் நிறுவனம் கேட்கும் தொகை நியாயமானதா என்பதை நீதிமன்றம் அந்தந்த வழக்கில் பார்க்கும். தொகை நிரப்பாத காசோலையை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழ்களும் அப்படித்தான். சரிபார்க்கக் காட்டலாம், நகல் தரலாம், அசல் உங்கள் கையோடு வீட்டுக்கு வர வேண்டும்.

லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், ‘ஆஃபர் லெட்டர்’ கட்டணம் என்று பணம் கேட்கிறவர் வேலை தருகிறவர் இல்லை. நிறுவனத்தின் 21 இலக்க அடையாள எண்ணைக் கேட்டு, கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள். பணம் போய்விட்டால் அழுதுகொண்டிருக்காமல் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அதிகம்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. 2013ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் ‘ஊழியர்’ என்ற சொல்லுக்குள் பயிற்சியாளரும் அப்ரண்டிஸும் அடக்கம், சம்பளம் இல்லாவிட்டாலும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவிலான குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டுவார்கள்.

அந்த மாணவி என் மேசையில் உட்கார்ந்தே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினாள். தேதி, நிரல், ஸ்கிரீன்ஷாட்டுகள் எல்லாவற்றையும் இணைத்தாள். பதினோராம் நாள் அந்தப் பக்கம் செயலியிலிருந்து காணாமல் போனது. பணம் பற்றியோ மன்னிப்புப் பற்றியோ ஒரு வார்த்தை வரவில்லை. 15100ஐ அழைத்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார் என்று சொல்லி அனுப்பினேன். திங்கட்கிழமை அப்பாவோடு போகிறாள்.