வலியும் வாங்கியும்: மோபீனின் தொழிற்பாடு

கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறும்போது கசியும் பாலே உலர்ந்து அபின் ஆகின்றது. அதிலிருந்து மோபீனை ஜேர்மனிய மருந்தாளரான சேர்ட்டேர்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தார். ஆயினும், ஒரு செடியின் சாற்றுக்கு மனித மூளை ஏன் இசைகின்றது என்னும் வினா நெடுங்காலம் விடையின்றியே இருந்தது.

1973இல் பேட், சினைடர் ஆகியோரும் வேறிரு ஆய்வுக்குழுவினரும், மூளையின் நரம்பிழையத்தில் இப்பொருள்கள் பிணையும் தனித்த இடங்கள் உண்டென நிறுவினர். இவையே வாங்கிகள் எனப்படுவன. 1975இல் அபடீனில் ஹியூசும் கொஸ்டலிற்சும் என்கெபலின்களை இனங்கண்டனர். ஐந்து அமினோ அமிலங்களாலான இவற்றை உடலே ஆக்குகின்றது. வாங்கிகள் இத்தகைய அகப்பொருள்களுக்கு உரியவை. மோபீன் வெளியிலிருந்து வந்து அவற்றின் இடத்தைப் பற்றிக்கொள்கின்றது.

மியூ, டெல்ற்றா, கப்பா என்பன முதன்மையான வாங்கிகள். மோபீன் பெரும்பாலும் மியூ வாங்கியினூடாகவே தொழிற்படும். அது பிணைந்ததும் நரம்பு முனையினுள் கல்சியம் அயன்கள் புகுதல் குறையும். வலிச் செய்தியைக் கடத்தும் பொருள்களின் சுரப்பும் குறையும். அடுத்துள்ள கலத்திலிருந்து பொற்றாசியம் அயன்கள் வெளியேறுவதால் அக்கலம் எளிதில் தூண்டப்படாது. வலியின் காரணம் நீங்குவதில்லை. அதன் செய்தியே தடைப்படுகின்றது.

இதே வாங்கி மூளைத்தண்டில் சுவாசத்தை ஆளும் கலங்களிலும் உண்டு. எனவே அளவு மிகுந்தால் சுவாசம் ஒடுங்கி இறப்பு நேரலாம். நலோக்சோன் என்னும் மருந்து மோபீனை அகற்றித் தான் வாங்கியில் அமரும். ஆனால் அதனைத் தூண்டாது. சில நிமிடங்களிற் சுவாசம் மீளும். எனினும் அதன் செயல் மோபீனினதைவிட முன்னதாக ஒழிவதால் தொடர்ந்த கண்காணிப்பு இன்றியமையாதது.

நெடுநாட் பயன்பாட்டில் வாங்கியின் துலங்கல் தளர, கூடிய அளவு தேவைப்படும். திடீரென நிறுத்தினால் உடல் அல்லலுறும். இவ்வுடலியல் இசைவாக்கத்தை அடிமைப்பழக்கத்தோடு ஒன்றெனக் கொள்ளுதல் தவறு. இத்தவறும் இதனால் எழுந்த அச்சமும் கடுஞ்சட்டங்களும் எளியோரையே வருத்துகின்றன. 1977இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே மோபீன் இடம்பெற்றது. ஆயினும், 2010–2013 காலப்பகுதியில் ஆண்டுதோறும் உலகில் விநியோகிக்கப்பட்ட, மோபீனுக்குச் சமமான சராசரி 298.5 தொன் மருந்தில், குறைந்த வருமான நாடுகளை அடைந்தது 0.1 தொன் மட்டுமே. ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு. வாங்கிகள் எல்லா மனிதரிடத்தும் ஒன்றாகவே உள்ளன. மருந்தின் பங்கீடு அவ்வாறில்லை.